கறையான் இல்லாத புற்று

மண்ணுக்குள் என்னென்ன நுண்ணங்கிகள் இருக்கின்றன என்பதை இப்போது இயந்திரம் சொல்லிவிடுகிறது. ஒரு சிட்டிகை புற்று மண்ணைச் சின்னக் குழாயில் அடைத்து அனுப்பினால் போதும். பற்றீரியா இன்னது, பங்கசாகிய பூஞ்சணம் இன்னது என்று பெயர்கள் வரிசையாகக் கணினித் திரையில் வந்து நிற்கின்றன. நான் வேலை பார்த்துப் பென்சனோடு இளைப்பாறிய ஆய்வுகூடத்துக்கு அந்த வசதி கிடைத்திருக்கிறதென்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தேநீரும் கேக்கும் தந்தபிறகு, இப்போது என் வேலையில், என் கதிரையில் இருக்கும் பிள்ளை கேட்டாள்.

"அன்ரி, உங்கடை காலத்திலை இதுகள் ஒண்டும் இல்லாமல் என்னெண்டு வேலை செய்தனீங்கள்?"

"பாத்துப் பாத்துத்தான்" என்று சொல்லிச் சிரித்து வைத்தேன். சபையில் நின்று கதைக்கும் பழக்கம் எனக்கில்லை. சொல்ல நினைத்ததை வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

எங்கள் காலம்தான் திறமான காலம் என்று எழுத மாட்டேன். இயந்திரம் வந்தது நல்லது. எங்கள் ஆய்வுக் கிண்ணங்களில் வளர்ந்து முகம் காட்டிய நுண்ணங்கிகள் கொஞ்சம். வளராமல் ஒளித்திருந்தவைதான் அதிகம். அந்தப் பிள்ளைகள் என்னைவிடக் கூடுதலாகக் காண்பார்கள் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி. அப்படி ஒரு வசதி கையில் இல்லாமல் தவித்து நின்ற நாள் ஒன்று என் உத்தியோகத்தில் இருக்கிறது. முக்கியமாக அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் குருநகரில் பிறந்தவள். அப்பா கடற்றொழில் செய்தவர். எங்கள் வீட்டில் காற்றையும் நீரோட்டத்தையும் பற்றிக் கதைப்பார்களே தவிர மண்ணைப் பற்றி யாரும் கதைத்ததில்லை. உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்து, பயிற்சி முடித்து, வலிகாமத்தில் இருந்த அந்த மண் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகச் சேர்ந்தபோது, கறையான் எறும்பின் சாதி என்றுதான் நினைத்திருந்தேன். பழகிய வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. போத்தல் கழுவினேன், நுண்ணங்கி வளர்க்கும் ஏகர் கூழைக் காய்ச்சிக் கிண்ணங்களில் ஊற்றினேன், திரும்பவும் கழுவினேன். சண்டைக் காலத்தில் சாமான்கள் வராமல் நின்றபோது, எங்கள் கரையில் கிடைக்கும் கடற்பாசியை அம்மா சேர்த்துத் தர, அதை அவித்து வடித்து ஏகருக்குப் பதிலாக ஊற்றினோம். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் அடுப்பில் பிரஷர் குக்கரை ஏற்றிக் கிருமி நீக்கினோம். ஆய்வுகூடம் முழுக்கக் கடல் மணக்கும். எனக்கு மட்டும் அது வீட்டு மணம்.

எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் யோகேஸ்வரி மிஸ். உரும்பிராயில் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்து, வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பி வந்தவர். நூல் சேலை உடுத்துச் சைக்கிளில் வருவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். நாங்கள் எதையாவது போய்ச் சொன்னால், தலையை நிமிர்த்தாமலே கேட்பார்: "கண்டீரோ, நினைச்சீரோ?"

கிண்ணத்தில் பச்சைப் பூஞ்சணம் வந்திருக்கிறது மிஸ் என்றால் அதற்கும் அதே கேள்விதான். கண்டது என்றால் எந்தக் கிண்ணத்தில், எந்தப் பக்கத்தில் என்று கேட்பார். நினைத்தது என்றால், "சரி, போய்ப் பாத்திட்டு வாரும்" என்பார். அதில் கோபம் இருக்காது. கோபப்பட்டிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பிறகு நாலைந்து முறை பார்க்காமல் வாய் திறக்க முடியாது.

நான் முதன்முதலில் வெட்டிய புற்று சண்டிலிப்பாயில், ஒரு புகையிலைத் தோட்டத்தின் எல்லையில் இருந்தது. என் நெஞ்சு உயரத்துக்குச் செம்மண் கோபுரம்போல நின்றது. தோட்டக்காரரிடம் கேட்டு அனுமதி வாங்கியபிறகு மிஸ் செருப்பைக் கழற்றி வரம்பில் வைத்தார். நான் கிறிஸ்தவ வேதக்காரப் பெண். எனக்குப் புரியவில்லை.

"இது சாமியோ மிஸ்?"

"சிலபேருக்குச் சாமி. எனக்கு இது ஒருத்தரின்ரை வீடு. வீட்டுக்குள்ளை போகேக்கை செருப்பைக் கழட்டுறதுதானே."

அலவாங்கின் இரும்பு முனையால் ஒரு பக்கத்தை மட்டும் திறந்தோம். வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே கையை வைத்தால் குளிர்மை. ஈரமான மூச்சுக் காற்றுப்போல ஏதோ முகத்தில் பட்டது. அறை அறையாக இருந்த இடத்தில் மண்ணிறத்தில் கட்டி கட்டியாக ஒன்று. தொட்டுப் பார்த்தால் எங்கள் கடலில் எடுக்கும் கடற்பஞ்சுபோல, துளை துளையாக, இலேசாக இருந்தது. அதன்மேல் சவ்வரிசிபோல வெள்ளைப் புள்ளிகள். வெளிச்சம் பட்டதும் கறையான்கள் அதைச் சுற்றிக் கலைந்து ஓடின.

"இதுதான் அதுகளின்ரை தோட்டம்" என்றார் மிஸ். "மரத்தையும் சருகையும் சப்பிக் கொண்டுவந்து பாத்தி கட்டுதுகள். அதிலை ஒரு பங்கசைப் பயிரிட்டு அதைத்தான் சாப்பிடுதுகள். வேறை ஒண்டையும் முளைக்க விடாதுகள்."

புற்றின் சுவர் மண்ணில் கொஞ்சமும், இரண்டு கையையும் விரித்த ஒரு பாகம் தள்ளி வெறும் நிலத்து மண்ணில் கொஞ்சமும் எடுத்துவந்தோம். இரண்டையும் ஒரே அளவாக நிறுத்து, கிருமி நீக்கிய தண்ணீரில் கலக்கி, அந்தத் தண்ணீரில் ஒரு பங்கை எடுத்துத் திரும்பவும் தண்ணீரில் கலக்கி, இப்படியே ஐதாக்கிக்கொண்டு போய்க் கிண்ணங்களில் பரப்பினேன். வெளி மண் பரப்பிய கிண்ணங்களில் பச்சை, கறுப்பு, சாம்பல் என்று எல்லா நிறத்திலும் பூஞ்சணம் ஏறிக் கிடந்தது. புற்று மண் கிண்ணங்களில் அந்தக் கூட்டம் இல்லை. சுண்ணாம்புப் பொட்டுகள்போலச் சின்னச் சின்ன வெள்ளை வட்டங்கள்தான் கூடுதலாக இருந்தன. மூடியைத் திறந்தால் முதல் மழையின் மணம். ஒரே தோட்டத்தின் மண், ஒரு பாக தூரம், ஆனால் உள்ளே இருக்கும் சீவன்கள் வேறு. கறையான் எச்சில் பூசி, நக்கி, பொறுக்கி, அடிமண்ணை மேலே கொண்டுவந்து, தனக்கு வேண்டியதை வைத்து வேண்டாததை அடக்கி அந்த மண்ணையே வேறாக்கியிருந்தது.

அதோடு மிஸ் விடவில்லை. அந்தத் தோட்டக் கட்டியில் இரண்டு துண்டை இரண்டு கண்ணாடிச் சாடியில் வைக்கச் சொன்னார். ஒன்றில் கறையான்களோடு, மற்றதில் கறையான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டு. கறையான் இருந்த சாடி அப்படியே சுத்தமாக இருந்தது. இல்லாத சாடியில் சில நாட்களில் பஞ்சுபோல வெள்ளை ஏறியது. பிறகு அதற்குள்ளிருந்து கறுப்பாக, மீசை மயிர்போல, காம்பு காம்பாக ஒரு பங்கசு கிளம்பி நின்றது.

"இது எங்கையிருந்து மிஸ் வந்தது?"

"வரேல்லை. உள்ளைதான் கிடந்தது. கறையான் தலையெடுக்க விடேல்லை. காவல் போச்சு, எழும்பிட்டுது."

இதைப்போல எத்தனையோ புற்றுகள் வெட்டினோம். எறும்புப் புற்று, குளவி கட்டிய மண்கூடு எல்லாம் பார்த்தோம். மிஸ் சில கட்டுரைகள் எழுதினார். தோட்டக்காரர் சிலர் வந்து, நாற்று மேடைக்குப் புற்று மண் போடலாமோ என்று கேட்பார்கள். ஊருக்கு எங்கள் வேலையின் உபயோகம் அவ்வளவுதான் என்று நான் நினைத்திருந்தேன்.

சண்டை முடிந்து சில வருடங்கள் கழிந்த ஓர் ஐப்பசி மாதம். மாரி தொடங்கி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. காலையில் ஆய்வுகூடத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்தது. மிஸ் நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "றெஜினா, வெள்ளைத் தட்டுகளையும் சின்ன மண்கரண்டியையும் எடும். கோப்பாய்க்குப் போவம்" என்றார்.

விஷயத்தை ஓட்டோவில் வைத்துத்தான் சொன்னார். கோப்பாயில் ஒரு தாயும் இளைய மகனும் முதல்நாள் மத்தியானம் காளான் கறியோடு சாப்பிட்டிருக்கிறார்கள். பின்னேரத் தேநீருக்கு முன்பே இருவருக்கும் சத்தியெடுப்பதும் வயிற்றாலை போவதும் தொடங்கிவிட்டது. மகன் ஓரளவு தாங்குகிறான். தாய் பராசக்தி அம்மா நீரிழிவுக்காரி, மிகவும் தளர்ந்துவிட்டார். வாட்டு டொக்டருக்கு இரண்டு யோசனை. காளான்களில் ஈரலை அழிக்கும் சாதி இருக்கிறது. அது ஒரு துண்டு கலந்திருந்தாலும், வயிற்றுக் குழப்பம் அடங்கியதுபோலக் காட்டிப் பிறகு ஆளைக் கொல்லும். அப்படியானால் உடனே கொழும்புக்கு அனுப்ப வேண்டும். ஆனால் அந்த அம்மா இருக்கும் நிலையில் தேவையில்லாமல் அவ்வளவு தூரம் அனுப்புவதும் ஆபத்து. என்ன காளான், ஒரு சாதியோ இரண்டு சாதியோ என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும்.

"இன்னொண்டும் இருக்கு" என்றார் மிஸ். "மூத்த மகன் கறையான் கொல்லுற மருந்துப் போத்தலொண்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் குடுத்திருக்கிறார். இளைய மருமகள் நஞ்சு வைச்சிட்டாளாம். கண்ணின்ரை கருமணி சுருங்கேல்லை, அந்த மருந்து மாதிரித் தெரியேல்லையெண்டு டொக்டர் சொல்லுறார். மூத்தவர் கேக்கிறாரில்லை."

ஒழுங்கையின் முடிவில் வீடு. முற்றத்தில் அந்த மூத்த மகன் ஜெயக்குமார் நின்றார். அடுத்த ஒழுங்கையில் குடியிருப்பவர். அயலவர்கள் சிலரும் குடையோடு நின்றார்கள்.

"பாக்கிறதுக்கு என்ன கிடக்கு?" என்றார் எடுத்த எடுப்பில். "மூண்டு பேர் இருக்கிற வீடு. ரெண்டு பேர் வாட்டிலை. சமைச்சவள் மட்டும் சுகமா நிக்கிறாள். கொட்டிலுக்கை நஞ்சுப் போத்தல். இதுக்கு மேலை என்ன ஆராய்ச்சி? நான் பொலிஸுக்குப் போகப்போறன்."

"போங்கோ. அதுக்கு முதல் நாங்கள் பாத்திட்டுப் போறம். உங்கடை அம்மாவுக்காகத்தான் வந்தனாங்கள்" என்றார் மிஸ். அவர் விலகி வழிவிட்டார்.

குசினிப் படியில் மருமகள் சுகந்தி இருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அழுது முகம் வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வரக்கூடாதென்று அவளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குக் கௌரி விரதம் அன்ரி. ஒரு நேரச் சாப்பாடு, பொழுதுபட்டுத்தான். அதாலைதான் நான் சாப்பிடேல்லை. விரதமெண்டதையும் பொய்யெண்டு சொல்லுகினம்."

மிஸ் அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். "பிள்ளை, காளானை ஆர் புடுங்கினது?"

"நான்தான்."

"இடம் ஆர் காட்டினது?"

"மாமி. கலியாணம் முடிச்சு வந்து இதுதான் எனக்கு இஞ்சை முதல் மாரி. வீட்டுக்குப் பின்னாலை கோடிப்பக்கம் புத்தடியிலை வருசா வருசம் முளைக்கும், நல்ல ருசி, போய்ப் பாத்துக் கொண்டுவா எண்டவ. அவவுக்கு முழங்கால் ஏலாது, வரேல்லை."

"புடுங்கேக்கை அடியிலை வேர் மாதிரி நீளமா வந்ததோ?"

அவள் யோசித்தாள். "இல்லை. பிடிச்ச உடனை கழண்டு வந்திட்டுது."

மழைக்குப் புற்றில் முளைக்கும் உண்மையான காளான் அப்படிக் கழன்று வராது. நிலத்துக்குக் கீழே கறையானின் தோட்டத்திலிருந்துதான் அது கிளம்பி வருகிறது. அதன் காம்பு வேர்போல முழ நீளத்துக்குக் கீழே போகும். இழுத்தால் இடையில் அறும், அல்லது மண்ணோடு வரும். மிஸ் என்னைப் பார்த்தார். படியிலிருந்து எழும்பினார்.

கறிச் சட்டியை ஜெயக்குமார் பூட்டி வைத்திருந்தார். தேங்காய்ப் பாலில் வெந்த துண்டுகளைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. குப்பைக் கிடங்கில்தான் எங்களுக்கு வேலை. சுகந்தி காளானைத் துப்புரவாக்கி எறிந்த அடிக்காம்புகளும் தோலும் வாழையிலை ஒன்றில் சுற்றியபடி கிடந்தன. மழை ஊறியிருந்தாலும் இலை காப்பாற்றியிருந்தது. வெள்ளைத் தட்டில் கொட்டி ஒவ்வொரு காம்பாகப் பிரித்தேன். கொல்லும் சாதிக்கு அடிக்காம்பில் ஒரு பை இருக்கும். முட்டை ஓட்டுக்குள் நிற்பதுபோல நிற்கும். அதைத்தான் தேடினேன். தேடினேன் என்பதைவிட, காணக்கூடாது காணக்கூடாது என்று பார்த்தேன் என்பதுதான் சரி. ஒரு காம்பிலும் பை இல்லை. எல்லாம் அடி கொஞ்சம் தடித்து, ஒரே மாதிரி இருந்தன.

"பை இல்லை மிஸ்."

"கண்டீரோ?"

"கண்டனான். எல்லாத்தையும் பாத்திட்டன்."

"இன்னொருக்காப் பாரும். நான் புத்தடிக்குப் போறன்."

இன்னொரு முறை பார்த்துவிட்டு நானும் போனேன். பூவரசம் வேலிக்குப் பக்கத்தில் புற்று. அதன் அடியில் முன்பு எப்போதோ மாடு கட்டிய இடம். பழைய சாணமும் வைக்கலும் உக்கிக் கிடந்தன. சுகந்தி பிடுங்கிய தடங்கள் தெரிந்தன. முழங்காலில் இருந்து, ஒவ்வொரு தடத்தையும் மண்கரண்டியால் சுற்றித் தோண்டிக்கொண்டு கீழே போனோம். எல்லாம் விரல் நீளத்தில் அந்த உக்கலோடு முடிந்தன. ஒன்றுகூடப் புற்றுக்குள் இறங்கவில்லை. வேலியோரம் பிடுங்காமல் விட்ட இரண்டு காளான் நின்றன. ஒன்று நன்றாக விரிந்தது. வெள்ளைக் குடை, மேலே மண்ணிறச் செதில்கள், காம்பில் மோதிரம்போல ஒரு வளையம். அவற்றை அடியோடு கிளப்பி எடுத்தேன்.

மிஸ் புற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். அதன் உச்சியில் அலவாங்கு போட்டதுபோல இரண்டு துளைகள் இருந்தன.

"இதுக்கு மருந்து ஊத்தினது ஆர்?"

ஜெயக்குமார் எங்களுக்குப் பின்னால்தான் நின்றார். "நான்தான். ஆடி மாசம். தம்பியின்ரை கதவு நிலையெல்லாம் அரிச்சுப்போட்டுது. துளை போட்டு ஊத்தினனான். மிச்சத்தைக் கொட்டிலுக்கை வைச்சிட்டுப் போனனான்."

மிஸ் சுகந்தியைப் பார்த்து, "பிள்ளை, திறந்து பாக்கலாமோ?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். கொட்டுகிற மழையில் மிஸ் செருப்பைக் கழற்றினார். நானும் கழற்றினேன்.

பக்கத்தைத் திறந்ததும் எனக்கு முதலில் பட்டது மணம். ஈர மூச்சு இல்லை. அடைத்துக் கிடந்த அறையின் புளித்த மணம். ஒரு கறையான்கூட ஓடவில்லை. தோட்டக் கட்டிகள் சுருங்கிச் சாம்பல் நிறமாகக் கிடந்தன. அவற்றின்மேல் எங்கும், அறை அறையாக, அந்தக் கறுப்பு மீசை. சாடிக்குள் நான் பார்த்த அதே பங்கசு, ஒரு வீடு முழுக்க எழும்பி நின்றது.

மிஸ் ஒரு கட்டியை எடுத்து ஜெயக்குமாரிடம் நீட்டினார். குரல் வழமைபோலத்தான் இருந்தது.

"அம்மா வருசா வருசம் சாப்பிட்ட காளானை வளர்த்தது கறையான். இதிலைதான் அது முளைக்கிறது. ஆடியிலை கறையான் செத்துப்போச்சு. அதோடை அந்தக் காளானும் இல்லை. இந்தப் பழைய எரு மழையிலை ஊற, அந்த இடத்திலை வேறை ஒண்டு வந்திருக்கு. அம்மாவுக்கு அது தெரிய நியாயமில்லை. இந்தப் பிள்ளைக்கும் தெரிய நியாயமில்லை. உங்களுக்கும்தான்."

அவர் அந்தக் கட்டியை இரண்டு கையாலும் வாங்கினார். மழைத் தண்ணீர் அதில் விழுந்து கறுப்பாக விரல்களுக்கிடையில் வடிந்தது.

"அப்ப அம்மா தப்புவாவோ?" என்று கேட்டார். கோபம் எங்கேயோ போய்விட்டிருந்தது.

"வந்தது எந்தச் சாதியெண்டு பாத்தால்தான் சொல்லலாம்."

ஆய்வுகூடத்துக்குத் திரும்பினோம். விரிந்த காளானின் காம்பை வெட்டிவிட்டு, குடையைக் கவிழ்த்து வைத்தேன். பாதி வெள்ளைத் தாளில், வெள்ளைத் தூள் விழுந்தாலும் தெரியப் பாதி கறுப்புத் தாளில். ஈரப் பஞ்சு ஒரு துண்டை மேலே வைத்துக் கண்ணாடிக் கோப்பையால் மூடினேன். குடையின் அடியில் இருக்கும் மடிப்புகளிலிருந்து விதைத் தூள்போல வித்திகள் தாளில் உதிரும். அந்தத் தூளின் நிறம்தான் சாட்சி. புற்றுக் காளான் என்றால் இளஞ்சிவப்பு. கொல்லும் சாதி என்றால் வெள்ளை. இன்னொரு சாதி இருக்கிறது. வயிற்றைப் புரட்டியெடுக்கும், ஆனால் கவனித்தால் ஆள் பிழைக்கும். அதன் வித்தி பச்சை. உலகத்திலேயே பச்சையாகத் தூள் உதிர்க்கும் காளான் அபூர்வம்.

நான் கோப்பையைத் தொடாமல் இருக்கக் கைகளைக் கட்டிக்கொண்டேன். மனதுக்குள் செபமாலை ஓடியது. மிஸ் குப்பைக் கிடங்கிலிருந்து கொண்டுவந்த துண்டுகளில் மடிப்புகளைக் கிள்ளியெடுத்து ஒவ்வொன்றாக நுணுக்குக்காட்டியில் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாடு அப்படியே இருந்தது. ஒருமுறை நான் எழும்பி மேசைக்குப் போனேன். "விடும், இப்ப எடுத்தால் குழம்பிடும்" என்றார், கண்ணை எடுக்காமல்.

பின்னேரம் அவர்தான் கோப்பையைத் தூக்கினார். காளானை மெதுவாக எடுத்தார். வெள்ளைத் தாளில் மடிப்பு மடிப்பாக ஒரு விசிறி. பாசி படிந்ததுபோலப் பச்சை.

"என்ன கண்டீர்?" என்றார். தாளை என் பக்கம் திருப்பினார்.

"பச்சை மிஸ்."

"என்னட்டை இருக்கிற துண்டெல்லாம் அதே வித்திதான். வேறை ஒண்டும் கலக்கேல்லை."

ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தார். கண்டதை மட்டும் சொன்னார். எறிந்த துண்டுகள் எல்லாம் ஒரே சாதி, பை உள்ள காம்பு ஒன்றும் இல்லை, வித்தி பச்சை, காளான் முளைத்தது மருந்து ஊற்றிய புற்றுக்குள் அல்ல. பிறகு, "சட்டிக்குள்ளை போனதை நான் காணேல்லை, டொக்டர். அதையும் நீங்கள் யோசிக்கவேணும்" என்றார். அந்தப் பக்கம் டொக்டர் ஏதோ சொல்ல, மிஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தொலைபேசியை வைத்துவிட்டு என்னிடம், "கொழும்புக்கு அனுப்பேல்லையாம். சேலைன் ஏத்தி, ஈரலைப் பாத்துக்கொண்டு இருக்கப்போகினம்" என்றார். பிறகுதான் இருவரும் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டோம்.

இரண்டு நாள் டொக்டர் ஒன்றும் நிச்சயமாகச் சொல்லவில்லை. மூன்றாம் நாள், ஈரலுக்கு ஒன்றும் இல்லை, இருவரும் தேறிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. வேலை முடிந்து மிஸ்ஸும் நானும் பார்க்கப் போனோம்.

பெண்கள் வாட்டுக்கு வெளியே, விறாந்தையில் கிடந்த நீள வாங்கில் சுகந்தி தனியே இருந்தாள்; புருசன் இன்னும் ஆண்கள் வாட்டில். உள்ளே போக ஒருவருக்குத்தான் அனுமதிச் சீட்டு. அது ஜெயக்குமாரிடம் இருந்தது. மிஸ் டொக்டரிடம் சொன்னதால் எங்களை உள்ளே விட்டார்கள். பராசக்தி அம்மா தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். எலும்பும் தோலுமாக இருந்தாலும் கண் தெளிவாக இருந்தது. நாங்கள் யாரென்று ஜெயக்குமார் சொன்னார். நடந்ததையும் சொன்னார், எதையும் மறைக்கவில்லை. தான் மருந்து ஊற்றியதையும், போத்தலைக் கொண்டுவந்து கொடுத்ததையும்கூடச் சொன்னார்.

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப மருமகள் எங்கை?"

"வெளியிலை இருக்கிறாள் அம்மா."

"இத்தனை நாளும் வெளியிலையோ?"

அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நான் காட்டின இடத்திலைதானே புடுங்கினவள். எனக்கு முன்னாலை இருந்துதானே துப்புரவாக்கினவள். என்னட்டை ஒரு வார்த்தை கேட்டியோ?"

"நீங்கள் கதைக்கிற நிலையிலை இருக்கேல்லை அம்மா."

"அப்ப நான் கதைக்குமட்டும் பொறுத்திருக்கலாம்."

ஜெயக்குமார் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார். வெளியே போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் சீட்டைச் சுகந்தியிடம் நீட்டுவதும், கைகூப்பிக் கும்பிடுவதும், அவள் பதறி எழும்புவதும் தெரிந்தது. அவள் உள்ளே வந்தாள். அவர் அவள் இருந்த வாங்கில் உட்கார்ந்துகொண்டார்.

கட்டிலுக்குக் கிட்ட வந்தும் அவள் தயங்கி நின்றாள். அம்மா சேலைன் ஊசி குத்திய கையாலேயே அவளைப் பக்கத்தில் இழுத்தார்.

"விரதத்தை விட்டிட்டியோ?"

"இல்லை மாமி."

"விடாதை. விரதம் முடிஞ்சு காப்புக் கட்டுறதுக்கு முதல் நான் வீட்டை வந்திடுவன். அண்டைக்கு உனக்கு நான் சமைச்சுத் தாறன்." கொஞ்சம் மூச்செடுத்துக்கொண்டு, "காளான் இல்லை" என்றார்.

அடுத்த கட்டில்காரிதான் முதலில் சிரித்தார். பிறகு மருந்து கொடுக்க வந்த தாதி. சுகந்தியும் சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே அழுகையாகி, மாமியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். மிஸ் என் முழங்கையைத் தொட்டார். நாங்கள் மெதுவாக வெளியே வந்தோம்.

அந்தப் புற்றின் மண்ணையும் நாங்கள் கிண்ணங்களில் போட்டிருந்தோம். யாரும் கேட்காத வேலை, ஆனால் மிஸ் விடமாட்டார். அதில் வெள்ளை வட்டங்கள் அருகிப்போய், வெளி மண்ணில் வரும் பச்சையும் கறுப்பும் நிறைந்து கிடந்தன.

நான் அப்போது வேலணையில் குடியிருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் மிஸ்ஸிடம் விடைபெற்று, பஸ் நிலையத்தில் குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறி யன்னலோரம் உட்கார்ந்ததுதான் தெரியும். பண்ணைப் பாலம் வந்ததும் தெரியாது, இறங்க வேண்டிய வேலணை போனதும் தெரியாது. மூன்று இரவு கண்ணில் ஒட்டாத நித்திரை எல்லாம் சேர்ந்து வந்தது. யாரோ தோளில் தட்டினார்கள். கண் விழித்தால் பஸ் முழுக்க வெறுமை. நடத்துனர் நின்று சிரித்தார்.

"அக்கா, இறங்குங்கோ. இதுக்கு அங்காலை பஸ் போகாது. கடல்தான்."

இறங்கினேன். மழை விட்டிருந்தது. இறங்குதுறையில் கடைசி வள்ளம் கட்டிக் கிடந்தது. கடையில் ஒரு பிளேன்ரீ வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"எங்கை நிக்கிறீர்?" என்று என் மனிசன் கேட்டார்.

"குறிகட்டுவானிலை."

"அங்கை என்ன அலுவல்?"

"ஒரு அலுவலும் இல்லை" என்றேன். "சும்மா நிக்கிறன். திரும்பிற பஸ்ஸிலை வாறன்."